யூ.எஸ்.பி விரலி பழுதுநீக்கல்

யூ.எஸ்.பி விரலி பழுதுநீக்கல் என்பது, கணினியின் யூ.எஸ்.பி செருகுவாயிற் செருகிப் பயன்படுத்தப்படும் சிறு நினைவகக் கருவி ஒன்று இயங்காமற் போகும்போது, பழுது எங்குள்ளது எனக் கண்டறிந்து, அதிலுள்ள தரவுகளை மீட்டு, இயலுமாயின் கருவியையும் மீண்டும் இயங்கச் செய்யும் செயற்பாடு ஆகும். இக்கருவி பேச்சு வழக்கில் பென் டிரைவ் என அழைக்கப்படுகின்றது. இக்கட்டுரையில் விரலி என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

பழுதுநீக்கல் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட நோக்கங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, உள்ளே இருக்கும் கோப்புகளைக் காப்பாற்றுதல். மற்றது, கருவியை மறுபடியும் எழுதத் தக்கதாக ஆக்குதல். இவ்விரண்டும் பல வேளைகளில் ஒன்றுக்கொன்று எதிரானவை. விரலியை விரைவாகச் சரிசெய்யும் வழிகளுட் பல, அதன் உள்ளடக்கத்தை அழித்தே அதனைச் சரிசெய்கின்றன. விரலியின் விலை சிறிது. அதில் மட்டுமே இருக்கும் ஆய்வேட்டுக்கோ குடும்பப் படங்களுக்கோ விலை கிடையாது. ஆகவே தரவு தேவைப்படின், எந்தத் திருத்தத்தையும் தொடங்கும் முன் விரலியில் எதனையும் எழுதாமல் அதன் முழுப் படியை எடுத்துக்கொள்வதே முதற் பணியாகும். கீழே தரப்படும் முறைகளும் இந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

பின்னணி

விரலிகளின் அடிப்படையான பிளாஷ் நினைவகத்தை யப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கினார். அவர் இதனை 1984 ஆம் ஆண்டில் அறிஞர் அவையொன்றில் வெளியிட்டார். இன்று விரலிகளிற் பயன்படும் நாண்ட் வகை நினைவகம் 1987 இல் அறிமுகமானது. யூ.எஸ்.பி விரலிகள் 2000 ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்தன. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்டிரைவ் என்ற பெயரிலும், இசுரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் டிஸ்க்ஆன்கீ என்ற பெயரிலும் இவற்றை வெளியிட்டன. பின்னது ஐ.பி.எம் நிறுவனத்தின் ஊடாக அமெரிக்காவில் விற்கப்பட்டது. அதன் கொள்ளளவு 8 மெகாபைட்டு.

உள்ளமைப்பு

பழுதை இனங்காண்பதற்கு விரலியின் உள்ளமைப்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. உறையைத் திறந்தால் விரல் அகலமுள்ள மின்சுற்றுப் பலகை ஒன்று காணப்படும். அதன் ஒரு முனையில் இணைப்பான் பற்றவைக்கப்பட்டிருக்கும். வழமையான ஏ வகை இணைப்பானில் நான்கு தொடுமுனைகள் உள்ளன. ஓரங்களில் உள்ள இரண்டும் மின்வழங்கலுக்கானவை: ஒன்று 5 வோல்ட், மற்றது நிலம். நடுவில் உள்ள இரண்டும் தரவுக்கானவை. கூர்ந்து நோக்கினால் ஓர முனைகள் நடு முனைகளைவிடச் சற்று நீளமாக இருப்பதைக் காணலாம். செருகும்போது மின்சாரம் முதலிலும் தரவு இணைப்பு அதன் பின்னரும் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. 2008 இல் வெளிவந்த யூ.எஸ்.பி 3.0 தரத்தில் மேலும் ஐந்து முனைகள் சேர்க்கப்பட்டன. எனினும் பழைய நான்கு முனைகளும் அப்படியே தொடர்கின்றன. இந்தத் தொடர்ச்சி பழுதுநீக்குபவருக்குப் பெரிதும் உதவுகின்றது என்பது பின்னர் தெளிவாகும்.

பலகையில் இரண்டு முதன்மையான சில்லுகள் உள்ளன. ஒன்று கட்டுப்பாட்டுச் சில்லு. மற்றது தரவு தங்கும் நாண்ட் நினைவகச் சில்லு. இவற்றுடன் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் மின்னழுத்தச் சீராக்கியும், சில மின்தேக்கிகளும் மின்தடைகளும் இருக்கும். பழைய வகைகள் பலவற்றில் 12 மெகாஹெர்ட்சு அதிர்வெண் கொண்ட படிகம் ஒன்று வெள்ளி நிறச் சிறு பெட்டி போலக் காணப்படும். புதியவற்றிற் சீராக்கியும் அலையியற்றியும் பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சில்லின் உள்ளேயே அமைந்துவிடுகின்றன.

நாண்ட் நினைவகத்தின் இயல்பு ஒன்றை இங்கு விளக்குதல் வேண்டும். அதிற் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக மட்டுமே அழிக்கலாம். ஒவ்வோர் அழிப்பிலும் நினைவகக் கலங்கள் சிறிது தேய்கின்றன. ஒரு கலத்தில் ஒரு பிட்டு மட்டும் வைக்கும் வகை ஏறத்தாழ 100,000 அழிப்புகளைத் தாங்கும். மூன்று பிட்டுகள் வைக்கும் மலிவான வகை சில நூறு முதற் சில ஆயிரம் வரையே தாங்கும். ஒரே தொகுதி மீண்டும் மீண்டும் தேயாதிருக்க, கட்டுப்பாட்டுச் சில்லு தரவை இடம்மாற்றி இடம்மாற்றி எழுதுகின்றது. எந்தத் தரவு எங்குள்ளது என்ற அட்டவணையையும் அதுவே பேணுகின்றது. பழுதான தொகுதிகளை ஒதுக்குவதும், பிழைதிருத்தக் குறிகளைக் கொண்டு சிதைந்த பிட்டுகளைச் சரிசெய்வதும் அதன் வேலையே. இதனால், நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறோர் இடத்தில் வாசித்தாற் கிடைப்பது கலைந்து குழம்பிய பிட்டுகளே அன்றிக் கோப்புகள் அல்ல.

இவற்றின் மேல், கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு அடுக்குகள் உள்ளன. அவை பிரிவு அட்டவணையும் கோப்பு முறைமையும் ஆகும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ் என்பன விரலிகளிற் பரவலாகக் காணப்படும் கோப்பு முறைமைகள்.

அறிகுறிகளும் அவை சுட்டும் இடமும்

விரலி தரும் அறிகுறியைக் கொண்டு பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். அதற்கு முன்னர் ஐயத்தை விரலியிலிருந்து அகற்றிக் கணினியின் மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். மேசைக் கணினிகளின் முன்பக்கச் செருகுவாய்கள் உள்ளே ஒரு கம்பிவடத்தின் மூலமே தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டுள்ளன. தளர்ந்த கம்பிவடமும் தூசும் விரலியின் பழுது போலத் தோன்றும். ஆகவே நீட்டிப்புக் கம்பியோ பிரிப்பானோ இன்றிப் பின்பக்கச் செருகுவாயிலும், பின்னர் வேறொரு கணினியிலும் செருகிப் பார்த்தல் வேண்டும். தொடுமுனைகள் கறுத்திருப்பின் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சினால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே செருகுதல் வேண்டும்.

எந்த ஒளியும் ஒலியும் இன்றி, கணினியும் எதனையும் உணராவிடின் மின்வழங்கலிலோ இணைப்பானிலோ பழுது இருக்கலாம். செருகுவாயில் மிகை மின்னோட்டம் என்று கணினி எச்சரிக்குமாயின் பலகையில் எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது. உடனே கழற்றிவிடுதல் வேண்டும். செருகிய சில நொடிகளில் விரலி தொட முடியாத அளவு சூடேறுவதும் இதனையே காட்டும்.

அடையாளம் தெரியாத கருவி என்று விண்டோஸ் அறிவித்தால், மின்சாரம் கிடைக்கின்றது. ஆனால் உரையாடல் நிறைவேறவில்லை என்று பொருள். தரவு முனைகளில் ஒன்று பற்று விட்டிருக்கலாம், படிகம் உடைந்திருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டுச் சில்லே கெட்டிருக்கலாம்.

விரலியின் பெயர் தெரிந்தும் கொள்ளளவு சுழியம் என்று காட்டுமாயின், அல்லது வட்டைச் செருகுமாறு கணினி கேட்குமாயின், பழுது ஆழமானது. கட்டுப்பாட்டுச் சில்லு உயிருடன் உள்ளது; ஆனால் நினைவகச் சில்லையோ தனது அட்டவணைகளையோ அதனால் வாசிக்க இயலவில்லை. ஒவ்வொரு யூ.எஸ்.பி கருவியும் தன் உற்பத்தியாளரையும் வகையையும் குறிக்கும் இரண்டு எண்களைக் கணினிக்குத் தெரிவிக்கின்றது. லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளை இவற்றைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 0951 கிங்ஸ்டன் நிறுவனத்துக்கும் 0781 சான்டிஸ்க் நிறுவனத்துக்கும் உரியவை. விற்றவரின் எண் மறைந்து சில்லு உற்பத்தியாளரின் பொது எண் தோன்றுமாயின், சில்லு தன் நிலைபொருளை ஏற்ற முடியாமல் தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது எனக் கொள்ளலாம்.

கொள்ளளவு சரியாகத் தெரிந்து, பயன்படுத்துமுன் வடிவூட்ட வேண்டும் என்று கணினி கேட்டால், அது வீட்டிலேயே மீட்கத்தக்க நிலை. வன்பொருள் பெரும்பாலும் நலமாக உள்ளது. கோப்பு முறைமையின் தொடக்கக் கூறோ பிரிவு அட்டவணையோதான் சிதைந்துள்ளது. வடிவூட்டல் என்பது ஃபார்மட் செய்வதாகும். இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதிலளிப்பதே தரவிழப்புக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. கேள்வியைத் தள்ளிவிடுவதால் எந்தத் தீங்கும் இல்லை.

கொள்ளளவு சற்றுக் குறைவாகத் தெரிவது பழுதன்று. 16 கிகாபைட்டு என விற்கப்படும் விரலியை விண்டோஸ் 14.9 எனக் காட்டும். விற்பவர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிட, விண்டோஸ் 1024 இன் மடங்காகக் கணக்கிடுவதே காரணம். விரலி உணரப்பட்டும் செலுத்தி எழுத்துத் தோன்றாமை வேறொரு சிறு சிக்கல். அலுவலக வலையமைப்பிலுள்ள ஒரு செலுத்தி அதே எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியில் வேறு எழுத்தை ஒதுக்கினாற் போதும்.

படிமம் எடுத்தல்

கணினி விரலியை உணர்ந்து கொள்ளளவையும் சரியாகக் காட்டினால், அடுத்த பணி படிமம் எடுத்தல். படிமம் என்பது விரலியின் முதற் பைட்டு முதற் கடைசிப் பைட்டு வரை அப்படியே பெயர்த்து எழுதப்பட்ட ஒரு கோப்பு. கோப்புகளை இழுத்து நகலெடுப்பதிலிருந்து இது வேறானது. நகலெடுத்தல் கோப்பு முறைமையை நம்பியிருக்கின்றது. படிமம் எடுத்தலுக்குக் கோப்பு முறைமையே தேவையில்லை.

லினக்ஸ் இயங்குதளத்திற் கிடைக்கும் ஜி.என்.யூ டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. இதனை எழுதியவர் அன்டோனியோ டியாஸ் டியாஸ். இது முதலில் எளிதாக வாசிக்கத்தக்க பகுதிகளை எடுத்துக்கொண்டு, இடர்தரும் பகுதிகளைத் தாண்டிச் செல்கின்றது. பின்னரே விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து மீண்டும் முயல்கின்றது. நலிந்த விரலி எந்த நேரமும் முற்றாக நின்றுவிடலாம் என்பதால் இந்த ஒழுங்கு மிகவும் பயனுள்ளது. எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்புக் கோப்பிற் பதிந்து வைப்பதனால், பாதியில் விரலியைக் கழற்றி ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். சூடேறும் விரலிகளில் இவ்வாறு பல தவணைகளில் எடுக்கவேண்டி வருவதுண்டு.

கட்டளைக்கு மூன்று பெயர்கள் தரப்படவேண்டும்: விரலியின் கருவிப் பெயர், படிமக் கோப்பின் பெயர், குறிப்புக் கோப்பின் பெயர் என்பன முறையே அவை. கருவிப் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டு, படிமத்தின் இடத்தில் இன்னொரு வட்டின் பெயரைக் கொடுத்தால் அந்த வட்டு அழிந்துபோகவும் கூடும். எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளை ஒவ்வொரு வட்டையும் அதன் கொள்ளளவுடன் பட்டியலிடும். அதனைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே தொடங்குதல் வேண்டும். விரலியிற் சில கோப்புகளே இருந்தாலும் படிமம் அதன் முழுக் கொள்ளளவையும் பிடிக்கும். அவ்வளவு இடம் வன்தட்டில் இருத்தல் வேண்டும். படிமம் 4 கிகாபைட்டைத் தாண்டுமாயின் அதனை ஃபேட்32 வட்டில் வைக்க முடியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

விண்டோஸ் மட்டுமே உள்ளவர்கள், நிறுவாமலேயே இயங்கும் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் பதிப்பை வேறொரு நல்ல விரலியிலிருந்து துவக்கி இப்பணியைச் செய்யலாம்.

படிமத்திலிருந்து கோப்புகளை மீட்டல்

படிமம் கையில் இருந்தால் தவறுகளுக்கு அஞ்சவேண்டியதில்லை. அதன் இன்னொரு நகலில் எதனையும் முயன்று பார்க்கலாம்.

கிறிஸ்தோப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பிரிவு அட்டவணையைத் தேடி மீளமைக்கவும், சிதைந்த தொடக்கக் கூறைச் சரிசெய்யவும் வல்லது. ஃபேட்32 முறைமை தன் தொடக்கக் கூறின் மாற்றுப்படி ஒன்றை வழமையாக ஆறாம் கூறில் வைத்திருக்கின்றது. கோப்புகள் எந்தெந்த இடங்களிற் பரவியுள்ளன என்பதைக் கூறும் ஒதுக்கீட்டு அட்டவணையும் வழமையாக இரு படிகளாக இருக்கின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது விரலி பிடுங்கப்பட்டதால் ஒரு படி கெட்டிருந்தாலும் மற்றது நல்லதாக இருக்க வாய்ப்புண்டு. இத்தகைய வேளையிற் கோப்புகள் தம் பெயர்களுடனும் அடைவுகளுடனும் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும்.

அழிக்கப்பட்ட கோப்புகளும் உடனே மறைந்துவிடுவதில்லை. ஃபேட் முறைமையில் ஒரு கோப்பை அழிக்கும்போது அடைவுப் பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படுகின்றது. அது பிடித்திருந்த இடம் வெற்றிடம் எனக் குறிக்கப்படுகின்றது. உள்ளடக்கம், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். விரலியில் எதனையும் எழுதக்கூடாது என்ற எச்சரிக்கையின் அடிப்படை இதுவே. மீட்பு மென்பொருளையே அதே விரலியில் இறக்கி நிறுவுவோரும் உளர். மீட்கவேண்டிய கோப்பின் மேலேயே அவர்கள் அதனை எழுதிவிடக்கூடும்.

அடைவுப் பட்டியலே அழிந்துவிட்டால் போட்டோரெக் உதவும். இதுவும் கிரெனியேயின் ஆக்கமே. பெயருக்கு மாறாக இது படங்களை மட்டுமன்றி ஆவணங்கள், ஒலிக்கோப்புகள் எனப் பலவற்றையும் மீட்கின்றது. ஒவ்வொரு கோப்பு வகையும் குறிப்பிட்ட சில பைட்டுகளுடன் தொடங்கும் என்பதைக் கொண்டு படிமம் முழுவதையும் இது துழாவுகின்றது. கோப்புப் பெயர்கள் கிடைக்கமாட்டா. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகளும் முழுமையாகக் கிடைப்பது அரிது. ஆயிரக்கணக்கான பெயரற்ற கோப்புகளைப் பின்னர் திறந்து பார்த்துப் பிரிக்கும் வேலை மிஞ்சும், பொறுமை வேண்டும்.

விண்டோஸின் செக்டிஸ்க் கருவியைப் பற்றிப் பலரும் நல்லெண்ணம் கொண்டுள்ளனர். அதன் நோக்கம் கோப்பு முறைமையை முரண்பாடு அற்றதாக ஆக்குவது, உள்ளடக்கத்தைக் காப்பதன்று. சிதைந்த அடைவை அது துண்டுகளாக்கி, எண்ணிட்ட பெயர்களையும் சி.எச்.கே என்ற நீட்சியையும் கொண்ட கோப்புகளாக மாற்றிவிடலாம். படிமம் எடுத்த பின் இதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை. முன்னர் பயன்படுத்துவது சூதாட்டம்.

தீநிரல்களால் மறைக்கப்பட்ட கோப்புகள்

விரலி நலமாக இருந்தும் கோப்புகளைக் காணோம் என்பது பொதுக் கணினிகளிற் செருகப்படும் விரலிகளின் வழமையான நோய். இவ்வகைத் தீநிரல்கள் அடைவுகளை மறைத்துவிட்டு, அதே பெயர்களிற் குறுக்குவழிகளை இட்டு வைக்கின்றன. பயனர் அதனைச் சொடுக்கும்போது தீநிரல் இயங்குகின்றது. பழைய வகைகள் விரலியைச் செருகியவுடன் தானாக இயங்கும் வசதியைப் பயன்படுத்தின. 2008 இல் தோன்றிய கொன்ஃபிக்கர் இவ்வழியிலும் பரவியது. 2009 இல் வெளியான விண்டோஸ் 7 இல் விரலிகளுக்கு இவ்வசதி நீக்கப்பட்டது. 2011 இல் வந்த இற்றைப்படுத்தல் பழைய பதிப்புகளிலும் அதனை முடக்கியது.

இங்கு கோப்புகள் அழியவில்லை. மறைவு, முறைமை என்னும் இரு பண்புகள் அவற்றின் மேல் இடப்பட்டுள்ளன, அவ்வளவே. விண்டோஸில் அட்ரிப் கட்டளை மூலம் அப்பண்புகளை நீக்கலாம். லினக்ஸில் திறந்தால் அவை மறைவின்றியே தெரியும். அங்கிருந்து வேண்டிய ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சில வகைத் தீநிரல்கள் எல்லாவற்றையும் பெயரில்லாதது போலத் தோன்றும் ஓர் அடைவுக்குள் தள்ளி வைப்பதால் அதனையும் திறந்து பார்த்தல் வேண்டும். கணினியைத் தூய்மைப்படுத்தாமல் விரலியை மட்டும் தூய்மைப்படுத்துவதாற் பயனில்லை.

எழுத மறுக்கும் விரலி

சில விரலிகளின் பக்கவாட்டில் எழுத்துத் தடை ஆளி ஒன்று உண்டு. முதலில் அதனைப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் பதிவகத்தில் எழுத்துத் தடை இடப்பட்டிருக்கலாம். வேறொரு கணினியிற் செருகினால் இது தெரிந்துவிடும். டிஸ்க்பார்ட் கருவியைக் கொண்டு வட்டின் வாசிப்பு மட்டும் என்ற பண்பை நீக்கியும் பார்க்கலாம்.

இவை எவற்றுக்கும் இணங்காவிடின், கட்டுப்பாட்டுச் சில்லே தடையை விதித்துள்ளது எனக் கொள்ளுதல் வேண்டும். தேய்ந்த தொகுதிகளுக்கு ஈடாக வைத்திருந்த உதிரித் தொகுதிகள் தீர்ந்துவிடும்போது பல சில்லுகள் எழுதுவதை நிறுத்தி வாசிப்பை மட்டும் அனுமதிக்கின்றன. இதனைப் பழுது என்பதைவிடக் கடைசி எச்சரிக்கை என்பதே பொருந்தும். கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு விரலியைக் கைவிடுவதே தக்கது. தடையை உடைத்து மீண்டும் எழுத வைக்கும் வழிகளைத் தேடுவது, சாகும் தறுவாயிலுள்ள நினைவகத்தில் புதிய தரவை ஒப்படைப்பதாகும்.

உடைந்த இணைப்பானைச் சரிசெய்தல்

கணினியிற் செருகியிருந்த விரலியின் மேல் முழங்கையோ காலோ பட்டு இணைப்பான் வளைந்து பற்று விடுதல் மிகப் பொதுவான வன்பொருட் பழுது ஆகும். நினைவகச் சில்லும் கட்டுப்பாட்டுச் சில்லும் இதனாற் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே இதனைச் சரிசெய்யலாம்.

உறையின் பொருத்துவாயில் மெல்லிய கத்தியைச் செலுத்தி நெம்பித் திறத்தல் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் இணைப்பானின் நான்கு கால்களையும் பார்க்கவேண்டும். கால் மட்டும் பற்று விட்டிருப்பின் சிறிது இளக்கியைப் பூசி, சால்டரிங் அயன் எனப்படும் பற்றாசுக்கோலால் மீண்டும் பற்றவைத்தாற் போதும். நுனியின் வெப்பநிலை 350 பாகை செல்சியசு அளவிலும், தொடும் நேரம் இரண்டு மூன்று நொடிகளுக்கு மேற்படாமலும் இருத்தல் நலம். ஈயம் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும். ஈயமற்றது ஏறத்தாழ 217 பாகையில் உருகும். தொடக்கநிலையாளருக்கு முன்னதே எளிது. எனினும் பின்னர் கையைக் கழுவ மறக்கலாகாது.

காலுடன் சேர்ந்து பலகையின் செப்புத் திண்டும் பெயர்ந்து வந்திருந்தால், அத்திண்டிலிருந்து செல்லும் செப்புப் பாதையைத் தேடி, அதன் மேற்பூச்சை மெல்லச் சுரண்டி, அங்கு நுண்கம்பி ஒன்றைப் பற்றவைத்தல் வேண்டும். இணைப்பானே பயனற்றுப் போயிருப்பின், பழைய யூ.எஸ்.பி கம்பிவடம் ஒன்றை வெட்டி அதன் நான்கு கம்பிகளையும் நேரடியாகப் பலகையிற் பற்றவைக்கலாம். சிவப்பு 5 வோல்ட்டுக்கும், வெள்ளை எதிர்த் தரவுக்கும், பச்சை நேர்த் தரவுக்கும், கறுப்பு நிலத்துக்கும் உரியவை என்பது தரநிலை. ஆனால் மலிவான கம்பிவடங்கள் இந்நிற ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டர் எனப்படும் பல்மானியால் ஒவ்வொரு கம்பியையும் அதன் முனைவரை தொடர்ச்சி பார்த்த பின்னரே பற்றவைத்தல் வேண்டும். தரவுக் கம்பிகள் இரண்டும் இடம்மாறினால் விரலி உணரப்படாது. பெரும்பாலும் கேடு நிகழாது. மின்வழங்கற் கம்பிகள் இரண்டும் இடம்மாறினாற் சில்லுகள் எரிந்துபோகலாம். யூ.எஸ்.பி 3.0 விரலிகளுக்கும் இந்த நான்கு கம்பிகளே போதும். வேகம் குறையும், தரவை எடுப்பதற்கு அது ஒரு பொருட்டன்று.

கணினியிற் செருகும் முன்னர் 5 வோல்ட்டுக்கும் நிலத்துக்கும் இடையிலான மின்தடையை அளக்கவேண்டும். சுழியத்தை அண்மித்திருந்தால் குறுக்குச்சுற்று உள்ளது. பற்றாசுத் துளி ஏதும் இரு கால்களை இணைத்துள்ளதா என்று மறுபடி பார்த்தல் வேண்டும். செருகிய பின், சீராக்கியின் வெளிமுனையில் 3.3 வோல்ட்டு கிடைக்கின்றதா என அளக்கலாம். 5 வோல்ட்டு வந்தும் 3.3 வராவிடின் சீராக்கியோ அதன்பின் உள்ள மின்தேக்கியோ ஐயத்துக்குரியது. மின்வழங்கல் சரியாக இருந்தும் விரலி உணரப்படாது, அது கீழே விழுந்த வரலாறும் உண்டெனில், படிகத்தை அதே அதிர்வெண்ணுள்ள வேறொன்றால் மாற்றிப் பார்க்கலாம். கம்பிகள் தொங்கும் இந்நிலையில் விரலியை ஆட்டாமல் அசைக்காமல் படிமத்தை எடுத்துவிடுதல் வேண்டும். அழகாக உறையிட்டு மூடுவது பின்னர் பார்க்கவேண்டிய வேலை.

மிகச் சிறிய விரலிகள் பலவற்றில் தனித்தனிச் சில்லுகள் இல்லை. கட்டுப்பாடும் நினைவகமும் ஒரே கருங்கட்டியாக வார்க்கப்பட்டு, அதன் மேலேயே தொடுமுனைகள் பதிக்கப்பட்டிருக்கும். இவற்றில் வீட்டிற் பற்றவைக்கக்கூடியது எதுவும் இல்லை.

நீரில் விழுந்த விரலி

நீர் மட்டும் விரலியைக் கொல்வதில்லை. நீருடன் மின்சாரமும் சேர்வதே கேட்டைத் தருகின்றது. துணியுடன் துவைக்கப்பட்ட விரலி உலர்ந்த பின் நன்றாக இயங்குவதுண்டு. கடல்நீரிலோ தேநீரிலோ விழுந்திருந்தால் உறையைத் திறந்து காய்ச்சி வடித்த நீரில் அலசி, பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துலக்கி, இரண்டொரு நாள் காற்றோட்டமான இடத்தில் உலர விடுதல் வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் உப்பையோ சர்க்கரையையோ அகற்றாது. அரிசித் தூசு இணைப்பானுக்குள் புகுவதே மிச்சம். குளிர்பதனப் பெட்டியில் வைக்குமாறு கூறப்படும் அறிவுரை சுழலும் வன்தட்டுகளைப் பற்றிய பழைய பேச்சிலிருந்து வந்தது. விரலியில் அது ஈரத்தைப் படியச் செய்வதற்கே உதவும்.

நிலைபொருளை மீள எழுதுதல்

சுழியக் கொள்ளளவு காட்டும் விரலிகளுக்கு, தொழிற்சாலையிற் பயன்படும் மென்பொருளைக் கொண்டு நிலைபொருளை மீள எழுதும் முறை ஒன்றுண்டு. கட்டுப்பாட்டுச் சில்லின் உற்பத்தியாளருக்கும் வகைக்கும் ஏற்ற சரியான பதிப்பு வேண்டும். தாய்வானின் ஃபைசன், சிலிக்கன் மோஷன், ஆல்கோர் ஆகியவற்றின் சில்லுகள் பரவலாகக் காணப்படுகின்றன. விரலியின் மேலுள்ள வணிகப் பெயரைக் கொண்டு சில்லை ஊகிக்க முடியாது. ஒரே பெயரில் விற்கப்படும் விரலிகளில் வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு.

இம்முறை நினைவகத்தை முழுவதும் அழித்துப் பழுதான தொகுதிகளைப் புதிதாகக் கணக்கெடுக்கின்றது. ஆகவே கருவி பிழைக்கலாம், தரவு பிழைக்காது. தரவு தேவைப்படுவோர் இதனைத் தொடவே கூடாது. மேலும் இம்மென்பொருட்களைச் சில்லு உற்பத்தியாளர்கள் பொதுமக்களுக்கு வழங்குவதில்லை. அறியாத தளங்களிற் கிடைப்பவற்றுடன் தீநிரல்கள் சேர்ந்து வரக்கூடும். நிலைபொருளை மாற்றி விரலியை ஒரு விசைப்பலகை போல நடிக்கச் செய்யலாம் என்பதை 2014 இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். விலையைக் கருதினால் இம்முயற்சி பெரும்பாலும் தகாது. கற்கும் ஆர்வத்துக்காக, இணையத்துடன் இணைக்கப்படாத ஒரு பழைய கணினியிற் செய்து பார்க்கலாம்.

போலிக் கொள்ளளவு

இதே மென்பொருட்களைத் தீய வழியிற் பயன்படுத்தி, 8 கிகாபைட்டு நினைவகம் கொண்ட விரலியை 512 கிகாபைட்டு என்று கணினிக்குக் கூறச் செய்து விற்பவர்கள் உள்ளனர். உண்மையான கொள்ளளவு நிறையும் வரை எல்லாம் சரியாகவே தோன்றும். பின்னர் எழுதப்படுபவை பெயரளவில் மட்டும் இருக்கும். திறந்தால் வெறுமையாகவோ சிதைந்தோ காணப்படும். இத்தகைய விரலியில் எல்லைக்கு அப்பால் எழுதப்பட்டதை எந்த ஆய்வகமும் மீட்க முடியாது. அது ஒருபோதும் எழுதப்படவே இல்லை, அல்லது முன்னிருந்ததை அழித்து எழுதப்பட்டது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய மென்பொருட்கள் விரலி முழுவதையும் எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடுகின்றன. புதிய விரலியை வாங்கியவுடனும், பழுதுநீக்கிய விரலியை மீண்டும் பயன்படுத்து முன்னரும் இச்சோதனையைச் செய்தல் நன்று. பெரும்பாலான விரலிகள் வன்தட்டுகளைப் போலத் தம் உடல்நிலையை அறிவிப்பதில்லை என்பதால் வேறு எளிய வழி இல்லை.

எங்கு நிறுத்துவது

கட்டுப்பாட்டுச் சில்லு எரிந்துபோய், நினைவகச் சில்லு மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில் தரவு மீட்பு ஆய்வகங்கள் அச்சில்லைக் கழற்றி வாசித்து, கட்டுப்பாட்டுச் சில்லின் அட்டவணைகளையும் கலைப்பு முறைகளையும் கணித்துக் கோப்புகளை மீளக் கட்டுகின்றன. இதற்குச் சிறப்புக் கருவிகளும் ஒவ்வொரு சில்லு வகையைப் பற்றிய அறிவும் வேண்டும். தரவைத் தானே மறையாக்கம் செய்து எழுதும் விரலிகளில் இதுவும் பயன்தராது. ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருப்பின், வெப்ப ஊதியால் சில்லைக் கழற்றிப் பார்ப்பது போன்ற முயற்சிகளை வீட்டில் மேற்கொள்ளலாகாது. ஒருமுறை பெயர்ந்த திண்டும் வெடித்த சில்லும் ஆய்வகத்தின் வாய்ப்பையும் கெடுத்துவிடும். உணரப்படாத விரலியை மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பதும் நன்றன்று.

கழித்தல்

இறந்துவிட்ட விரலியைக் குப்பையில் இடும்போது அதிலுள்ள தரவும் உடன் செல்கின்றது. இயங்கும் விரலியாயின் விண்டோஸின் விரைவு வடிவூட்டல் போதாது. விஸ்டா முதலான பதிப்புகளில் முழு வடிவூட்டல் எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதுகின்றது. அதன் பின்னரும் ஒதுக்கப்பட்ட தொகுதிகளிற் பழைய தரவின் எச்சங்கள் தங்கியிருக்கலாம். இயங்காத விரலியாயின் உறையைத் திறந்து நினைவகச் சில்லையே இரண்டாக உடைத்தல் வேண்டும். பெரும்பாலும் பலகையில் மிகப் பெரிதாகத் தெரியும் சில்லு அதுவே. இணைப்பானை மட்டும் ஒடித்து எறிவதாற் பயனில்லை. மேலே கூறிய நான்கு கம்பிகளும் ஒரு பற்றாசுக்கோலும் உள்ள எவரும் அதனை வாசித்துவிடலாம்.